லிஃப்ட் வைத்த குகை

குகைக்கு லிஃப்ட் வைத்துவிட்டார்கள் என்ற செய்தியை எதிர்வீட்டுக்காரி கொண்டுவந்தாள். அன்றோடு என் வீட்டுக்காரரின் நிம்மதி போயிற்று.

அதுவரை அவருக்குப் படிக்கட்டு கைகொடுத்துக்கொண்டிருந்தது. "ஏகப்பட்ட படிம்மா, எல்லாம் ஈரம், உன் முட்டி தாங்காது" என்று ஒவ்வொரு முறையும் அத்தையின் வாயை அடைத்துவிடுவார். அத்தையும் முட்டியைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். எதிர்வீட்டுக்காரி சுற்றுலாப் பஸ்ஸில் ஏறி, அருவி, கண்ணாடிப் பாலம், குகை என்று மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வந்தவள், நேராக எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். "வயசானவங்களுக்குன்னே லிஃப்ட் விட்டிருக்காங்க. உள்ளே உட்கார நாற்காலி கூட இருக்காம்" என்றாள். இருக்காம் என்றுதான் சொன்னாள், ஏனென்றால் அவள் உள்ளே போகவே இல்லை. இருட்டென்றால் அவளுக்குப் பயம். கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அவள் மட்டும் தைரியமாக உள்ளே போயிருந்தால், எங்களுக்கு இந்த வினை குகைக்குள் காத்திருக்காமல் கூடத்திலேயே வந்து இறங்கியிருக்கும்.

அத்தை அன்றைக்கே பிடித்துக்கொண்டார். இரண்டு கண்ணிலும் அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இதற்கு மேல் மருந்தில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "கண்ணு இருக்கும்போதே அவன் இருக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துடணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். நின்றால் நின்றதுதான். அத்தையின் பிடிவாதத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பூனையைக் கேட்டாலும் சொல்லும்.

அவன் என்றது அவருடைய மூத்த மகனை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டவர். கண்ணாடி போட்ட ஒரு போட்டோவாக மட்டுமே எனக்கு அவரைத் தெரியும். ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலை அவருக்கு. பாதி ஊரின் காலில் விழுந்து அத்தை வாங்கிக் கொடுத்த வேலை. நாற்காலியில் முள் இருப்பது போல இருக்கிறது என்று அதை உதறிவிட்டு, எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போனார். அப்போதுதான் குகையைச் சுற்றுலாவுக்குத் திறக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. உள்ளே விளக்குப் போட ஆள் எடுத்தார்கள். "கௌரவமா உட்கார்ந்து சம்பாதிக்கத் தெரியாதவன் என் முகத்துல முழிக்க வேண்டாம்" என்று அத்தை வாசலில் நின்று கத்தியிருக்கிறார். அவரும் ரோஷக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு போனவர் வேலையாட்கள் தங்கும் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். சில மாதங்களுக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் வீட்டுக்காரர் மட்டும் அவ்வப்போது போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு ஒரு கிளைப் பாதையில் பாறை சரிந்தது. அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். உடலை எடுக்க முடியவில்லை. சரிந்த கல்லின் மேல் சிமென்டைப் பூசி அப்படியே விட்டுவிட்டார்கள்.

பாறை விழுந்த அந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது, அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் அத்தைக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை இத்தனை வருஷம் எழுந்து நடமாடினார். யாராவது துக்கம் விசாரித்தால்கூட, "பிள்ளை கஷ்டப்படல, அது போதும்" என்பார்.

பிள்ளை கஷ்டப்பட்டார். மூன்று நாள் உயிரோடு இருந்தார். எனக்குக் கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது, போர்வைக்குள்ளிருந்து இதைச் சொன்னார். பாறைக்குள் காற்றுக்காகப் போட்டிருந்த இரும்புக் குழாய் ஒன்று நசுங்காமல் தப்பியதாம். அதன் வழியாகத் தண்ணீர் ஊற்றினார்களாம், பேசினார்களாம். தோண்டத் தோண்ட மேலே இருந்து கல் சரிந்துகொண்டே இருந்ததாம். அதற்கு மேல் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்று மட்டும் சத்தியம் வாங்கினார். என் வாயில் எதுவும் தங்காது என்று என்னைப் பெற்றவளே சொல்லுவாள். இந்த ஒன்று தங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. எதையும் நாளைக்கு என்று தள்ளிவிட்டால் அது தானாகக் கரைந்துவிடும் என்று நம்புகிற ஜாதி. ஒழுகுகிற குழாயிலிருந்து ஓட்டை விழுந்த சட்டைப் பை வரைக்கும் இதே வைத்தியம்தான். லிஃப்ட் விஷயத்தையும் அப்படித்தான் தள்ளிப் பார்த்தார். வண்டி ரிப்பேர் என்றார், மழை வரும் என்றார், லிஃப்ட் பழுதாம் என்று ஒரு புரளியைக் கிளப்பினார். அத்தை ஒரு காலையில் குளித்து, தலை சீவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். "நீ வரலைன்னா நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்றார். வேறு வழியில்லாமல் கிளம்பினோம்.

குகை வாசலில் திருவிழாக் கூட்டம். பலூன், பஞ்சு மிட்டாய், கறுப்புக் கண்ணாடி, கல்லில் செய்த சாவிக்கொத்து. உள்ளே ஒரு மனிதர் கல்லுக்கு அடியில் கிடக்கிறார், வெளியே சாவிக்கொத்து விற்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரையாவது நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. ஆனால் யாரைக் கேட்பது? டிக்கெட் கொடுக்கிற பெண் ஹெல்மெட்டை நீட்டினாள். அதை அத்தையின் தலையில் வைத்து, கன்னத்துப் பட்டையை நானே மாட்டிவிட்டேன். மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

அத்தையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் எங்கள் குழுவின் கைடைத் தனியாக ஓரங்கட்டினார். நானும் கூடப் போனேன். கைடு கழுத்தில் மைக்கும் கையில் நீள டார்ச்சும் வைத்திருந்த ஒல்லி ஆள். தொண்டை கட்டியிருந்ததால் வாயில் ஒரு மாத்திரையை ஒதுக்கிக்கொண்டே பேசினார்.

"ஒரு சின்ன உதவி. எங்கம்மாவுக்கு பிரஷர். மனசு பலவீனம். சாவு, விபத்துன்னு உள்ளே ஏதாவது கதை சொல்வீங்களாமே, இன்னைக்கு அதை விட்டுடுங்க" என்றார் இவர்.

"குழாய்க் கதையா சார்? அதுதானே நம்ம ஸ்பெஷல்!" கைடு தலையைச் சொறிந்தார். "சரி, பெரியவங்க இருக்காங்கன்னு சொல்றீங்க. அந்தப் பக்கம் போகாமலே சிரிச்சுக்கிட்டே முடிச்சிடறேன். கவலையை விடுங்க."

அவர் நகர்ந்ததும் நான் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்தேன். "யாருன்னு சொல்லுங்க. அவரோட அம்மாதான் இவங்கன்னு சொல்லிட்டா அந்த ஆள் வாயைத் திறப்பாரா?"

"சொன்னா ஊரைக் கூட்டிடுவான். அம்மாவை ஒரு பொம்மையாக்கிக் காட்டிடுவான். நீ சும்மா இரு, நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கறேன் என்று அவர் சொன்ன எதையும் அவர் பார்த்துக்கொண்டதில்லை.

லிஃப்ட் இறங்கியது. காது அடைத்தது. கதவு திறந்ததும் ஈரமும் பழைய கல்லின் வாசனையும் முகத்தில் அடித்தன. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேலிருந்து தொங்குகிற கல், கீழிருந்து முளைக்கிற கல் என்று எங்கு பார்த்தாலும் கல். சும்மா விட்டால் அழகாகத்தான் இருக்கும். கைடு விடவில்லை. டார்ச்சை அடித்து அடித்து, இது யானை, இது முதலை, இது தாத்தாவின் தாடி, இது கோன் ஐஸ் என்று பேர் வைத்துக்கொண்டே போனார். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்று வாயைப் பிளந்தது. கோடிக்கணக்கான வருஷமாகச் சொட்டிச் சொட்டி வளர்ந்த கல், கடைசியில் கோன் ஐஸ்!

அத்தை எதையும் பார்க்கவில்லை. மேலே ஓடுகிற ஒயரையும் பாறை இடுக்கில் மறைத்து வைத்த விளக்குகளையும்தான் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு விளக்கின் அடியில் நின்று, "இது அவன் போட்டதா இருக்குமாடா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா" என்றார் இவர்.

"ஒழுங்காத்தான் போட்டிருக்கான்." அத்தை சுவரை ஒரு முறை தொட்டார். "எந்த இடம்னு காட்டு. நான் ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு வந்துடறேன். அழ மாட்டேன்."

"அந்தப் பாதையை மூடிட்டாங்கம்மா. போக முடியாதாம்."

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் ஒரு கயிறு கட்டியிருந்தது. கைடு கயிற்றைப் பார்க்காதவர் போல இடப்பக்கம் திரும்பினார். எனக்கு மூச்சு வந்தது.

"ஹலோ, ஹலோ, எங்க போறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் குழுவில் ஒரு கேமராக்காரர் இருந்தார். ஆரம்பத்திலிருந்தே எல்லோரையும் நகரச் சொல்லி, மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நிறுத்திப் படம் எடுத்தவர். "குழாயைக் காட்டலையே? என் மச்சான் வந்துட்டுப் போனப்போ அதைத்தான் முக்கியமாப் பார்க்கச் சொன்னான்."

"இன்னைக்கு அந்தப் பக்கம் தண்ணி கசியுது சார்" என்றார் கைடு.

"எங்களுக்கு முன்னாடி போன கும்பல் அதுக்குள்ளதானே இருக்கு? சத்தம் கேக்குதே!"

கேட்டது. குழந்தைகள் கத்துவதும் பெண்கள் சிரிப்பதும் வலப்பக்கத்திலிருந்து கேட்டன. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லையா, பாதியைக் காட்டி ஏமாற்றுகிறாயா, மேலே போய்ப் புகார் கொடுப்போம் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். கைடு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். அந்த நேரத்திலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. கைடு தோளைக் குலுக்கிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

"நாம இங்கயே நிப்போம் அத்தை" என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஏன்? எல்லாரும் போறாங்களே" என்று அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தார்.

முன்னால் போன கும்பல் வெளியே வர, நாங்கள் உள்ளே நுழைந்தோம். சின்ன அறை அளவுக்கு ஒரு இடம். எதிரே சிமென்ட் பூசிய கல் குவியல் கூரைவரை ஏறியிருந்தது. அதிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாய் பளபளவென்று தேய்ந்து போயிருந்தது. ஓரத்தில் நாற்காலிகள். அத்தையை ஒன்றில் உட்காரவைத்தேன். என் வீட்டுக்காரர் வாசலோரமாகவே நின்றுகொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கைடு தொண்டையைச் செருமி மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தார். பலமுறை சொல்லிப் பழகிய கதை, குரல் தானாக ஏறி இறங்கியது.

"இப்ப நீங்க பார்க்கிற வெளிச்சத்தைப் போட்ட ஒரு எலெக்ட்ரீஷியன் இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. பாறை சரிஞ்சு மாட்டிக்கிட்டாரு. ஆனா உடனே சாகல. மூணு நாள் உயிரோட இருந்தாரு. இந்தக் குழாய் வழியாத்தான் காத்து, தண்ணி, பேச்சு எல்லாம். முதல் நாள் ஜாலியாத்தான் பேசினாராம். என் சாப்பாட்டை எவனும் தின்னுடாதீங்கன்னு சொல்லிச் சிரிச்சாராம். ரெண்டாவது நாள்லேர்ந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'அம்மா வந்தாங்களா?'"

கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் அத்தையைப் பார்க்கப் பயந்து குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாது.

"வீடு ரொம்ப தூரமா? இல்ல. பஸ் ஏறினா ஒரு மணி நேரம். ஆனா அந்த அம்மா வரல. ஏன் வரல? சண்டை! பெத்த பிள்ளை மேல கோபம்! ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க, அப்பவும் வரல. இந்தக் குகையில இவ்வளவு கல்லு இருக்கே, எதுவும் அந்த மனசு அளவுக்குக் கெட்டி இல்ல. மூணாவது நாள் அவரே சொல்லிட்டாரு. 'அம்மாவுக்கு இன்னும் கோபம் போகல போலிருக்கு. விடுங்க, தொந்தரவு பண்ணாதீங்க.' அதுதான் கடைசிப் பேச்சு."

"பாவி! இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா" என்றாள் கேமராக்காரரின் மனைவி. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"அதனால இங்க ஒரு வழக்கம் வெச்சிருக்கோம்" என்றார் கைடு. "வர்ற தாய்மார்கள் எல்லாரும் இந்தக் குழாயில வாயை வெச்சு, 'அம்மா வந்துட்டேன்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவாங்க. அவரு மனசு ஆறட்டும். வரிசையா வாங்க, தள்ளாதீங்க. குழந்தைகளும் பேசலாம்."

வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தி குனிந்து, அம்மா வந்துட்டேன்பா என்றாள். அடுத்தவள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒருத்தி சொல்லும்போது அவள் புருஷன் படம் எடுத்தான், சரியாக விழவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னான். கேமராக்காரரின் சின்னப் பெண் ஹலோ என்று கத்தினாள், உள்ளே போன சத்தம் எதிலோ முட்டித் திரும்பி வந்தது. குழந்தை குதித்தது. அந்தக் குழாய் ஏன் அப்படித் தேய்ந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை ஆயிரம் பெண்கள் அவருக்கு அம்மாவாக வந்து வாயை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்!

கேமராக்காரரின் மனைவி நல்ல மாதிரி. வயதான அம்மா ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று அத்தையிடம் வந்து கையைப் பிடித்தாள். "வாங்கம்மா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. பாவம் அந்தப் பிள்ளை."

அத்தை எழுந்தார். நான் தடுக்கப் போனேன், என் கை நகரவில்லை. அவர் அந்தப் பெண்ணோடு நடந்து குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். குனியவில்லை. குழாயின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"தம்பி" என்றார் கைடிடம். "ஆள் அனுப்பினாங்கன்னு சொன்னியே. யாரை அனுப்பினாங்க?"

"அவரோட தம்பியவே அனுப்பினாங்களாம்மா. அன்னைக்கு இங்க வேலை பார்த்த ஆளு ஒருத்தர்தான் முதல்ல கைடா இருந்தாரு. அவரு எனக்குச் சொன்னது."

அத்தை திரும்பினார். அந்த வெளிச்சத்தில் அவருக்கு யார் முகமும் தெரிந்திருக்காது. மஞ்சள் ஹெல்மெட்டுகளின் பக்கமாகப் பார்த்து, "சின்னவனே, எங்கடா இருக்க?" என்று கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் வாசலோரத்திலிருந்து வந்தார். "அம்மா, மேல போய்ப் பேசிக்கலாம்மா."

"உன்னை அனுப்பினாங்களா?"

"மேல போய்..."

"அனுப்பினாங்களாடா?"

"அனுப்பினாங்க."

"நீ வீட்டுக்கு வந்தியா?"

"வந்தேன்."

"ஆமா, வந்த." அத்தையின் குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உடம்பெல்லாம் மண்ணு. குளிச்ச. சாப்பிட்ட. அண்ணன் எப்படி இருக்கான்னு நான் கேட்டேன். அத்தனை மாசத்துல முதல் தடவையா, நானா வாயைத் திறந்து கேட்டேன். நல்லா இருக்கான்னு சொன்ன."

கேமராக்காரரின் மனைவி அத்தையின் கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கைடு மைக்கைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"எடுத்துடுவாங்கன்னு நெனச்சேம்மா" என்றார் என் வீட்டுக்காரர். "சாயங்காலத்துக்குள்ள எடுத்துடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. எடுத்து, அப்படியே கூட்டிட்டு வந்து உன் முன்னாடி நிறுத்திட்டா சண்டையும் தீர்ந்துடும்னு நெனச்சேன். உனக்கு பிரஷர் வேற. மறுநாள்... மறுநாள் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நேத்தே ஏன்டா சொல்லலைன்னு கேப்பியே."

"அவன் கேட்டதுக்கு என்ன சொன்ன?"

"வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"ஒரு மணி நேர பஸ்ஸுல."

இவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அத்தையின் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். காய்ச்சலில் இவர் சொன்னபோதே நான் பிடித்து உலுக்கி மீதியையும் கக்க வைத்திருந்தால், இன்றைக்கு ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் இது நடந்திருக்காது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிற மனிதரை எத்தனை நாளைக்கு உலுக்குவது?

"கல்நெஞ்சுக்காரி நான்தாம்மா" என்று அத்தை கேமராக்காரரின் மனைவியிடம் சொன்னார். குத்திக்காட்டவில்லை, விவரமாகத்தான் சொன்னார். அந்தப் பெண் தேம்பிவிட்டாள். "எங்களுக்குத் தெரியாதேம்மா, மன்னிச்சுடுங்கம்மா" என்றாள். கேமராக்காரர் கேமராவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அம்மா, எனக்குச் சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றார் கைடு. "நீங்களும் பேசுங்கம்மா. நீங்க பேசணும்."

அத்தை குழாயைப் பார்த்தார். "நான் என்ன பேசறது? வந்துட்டேன்னா? அதைத்தான் ஊரே சொல்லிட்டுப் போகுதே. அவனுக்கு அது சலிச்சிருக்கும்." பிறகு என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார். ஒரு சின்னப் பையனை இழுப்பது போல இழுத்துக் குழாயின் முன்னால் விட்டார். "நீ பேசு. நீதானே இதுல பொய் சொன்ன. நீயே உண்மையைச் சொல்லு."

"அம்மா, வேணாம்மா. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். இத்தனை வருஷமா என்னைப் பத்தித்தானே கேட்டாங்க, இதையும் கேட்கட்டும். உட்காரு."

என் வீட்டுக்காரர் ஈரத் தரையில் மண்டியிட்டார். குழாயின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. அந்த மூச்சு உள்ளே போய்த் திரும்பி வந்தபோது, உள்ளே யாரோ படுத்திருப்பது போலவே இருந்தது.

"அண்ணா" என்றார். "அண்ணா, நான் அம்மாகிட்ட சொல்லவே இல்ல."

"அப்புறம்?" என்றார் அத்தை.

"அம்மா வரமாட்டேன்னு சொல்லல. அவங்களுக்குத் தெரியாது. வீட்டுலதான் இருந்தாங்க. நான் வீட்டுக்குப் போய்... நான் சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்தேண்ணா."

"கோபத்தைச் சொல்லு."

"அம்மாவுக்குக் கோபம் இல்லண்ணா."

"எப்ப போச்சுன்னு சொல்லு."

அவர் திரும்பி அத்தையைப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது.

"நீ பையைத் தூக்கிட்டுப் போன மறுநாளே போயிடுச்சுன்னு சொல்லு" என்றார் அத்தை. "நீயா வருவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்கன்னு சொல்லு."

அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் உடைந்துவிட்டார். வார்த்தை வராமல் இரும்பில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். பத்து வருஷமாக அவரோடு வாழ்கிறேன், அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. கைடு கையை அசைத்துக் கூட்டத்தை மெதுவாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கேமராக்காரரின் சின்னப் பெண் மட்டும், "உள்ளே இருக்கிற மாமா பதில் சொல்லுவாரா?" என்று கேட்டாள். அவள் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அத்தை ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, என் கையைத் தாங்கலாக வைத்து, வலியோடு மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மகனைத் தோளால் தள்ளிவிட்டுக் குழாயில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே காற்று ஊதுகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த கும்பலின் கைடு வந்து எட்டிப் பார்த்தார், எங்கள் கைடு உதட்டில் விரலை வைத்து அவரை நிறுத்தினார். நாங்கள் காத்திருந்தோம்.

கடைசியில் அத்தை காதை எடுத்தார்.

"அவனுக்குக் கேக்கலடா" என்றார். "அழாம, தெளிவா, முதல்லேர்ந்து சொல்லு."

என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.